கைதட்டலுக்கு விட்ட இடைவெளி திரையில் என்ன ஆகும்?

மேடையில் சக்கைப்போடு போட்ட இசை நகைச்சுவை நாடகம், படமானதும் படுத்துவிடுவது உண்டு. 2001-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை 12 பிரிவுகளில் அள்ளிய 'தி புரொட்யூசர்ஸ்' நாடகத்தை, அதே இயக்குநர் சூசன் ஸ்ட்ரோமன், அதே நாயகர்களை வைத்து 2005-இல் படமாக்கினார். வசூல் கைகொடுக்கவில்லை. எடிட்டிங் மேசையில் உட்காருகிற எனக்கு அதில் முதலில் கண்ணில் பட்டது, மேடையின் காத்திருப்பு அப்படியே படத்துக்குள் வந்துவிட்டதுதான்.

மேடையில் சிரிப்பு எழும்பி, அடங்கத் தொடங்கும்போதுதான் நடிகர் அடுத்த வசனத்தை எடுப்பார். கூட்டம் மந்தமாக இருந்தால் நிற்காமல் தாண்டிவிடுவார். வாத்தியக் குழுவை நடத்துகிறவரும் அவரைப் பார்த்தே கையசைப்பார். படத்தில் அந்தப் பேச்சுவார்த்தைக்கே வழியில்லை.

இதை நன்றாகக் காட்டும் நாடகம், 1962-இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேக்கு வந்து 964 காட்சிகள் ஓடிய 'எ ஃபன்னி திங் ஹேப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்'. பழைய ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸை வைத்து எழுதியது. பாட்டுகள் ஸ்டீபன் சோன்ட்ஹைம். அதில் வேலைக்காரியைப் பற்றிய ஒரு பாட்டை இரண்டு பேர் பாடி முடிக்கிறார்கள். கைதட்டல். மூன்றாவது ஆள் சேர்ந்துகொள்ள, மறுபடி பாட்டு. அப்புறம் நாலாவது ஆள். ஒவ்வொரு ஒன்ஸ்மோரையும் அரங்கின் கைதட்டல்தான் இழுத்து வருகிறது. திரையில் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாட என்ன காரணம்? 1966-இல் படமாக்கிய ரிச்சர்ட் லெஸ்டர், பாடுகிறவர்களை இடம் மாற்றி மாற்றி வெட்டினார். கைதட்டல் செய்த வேலையைப் புது இடங்கள் செய்தன.

ஆனால் பாதிக்கு மேற்பட்ட பாட்டுகளை அவர் தூக்கிவிட்டார். அது எனக்கு உடன்பாடில்லை. ஓட்டமும் ஆள்மாறாட்டமுமாகப் போகிற கதையில் பாட்டுதான் பார்ப்பவருக்கு மூச்சுவிட இடம் தருகிறது. அதை எடுத்தால் சிரித்தே களைத்துப் போவார்கள். படத்தின் இசைத் தழுவலுக்காகக் கென் தோர்ன் ஆஸ்கர் வாங்கினார் என்பது வேறு விஷயம்.

இப்படி ஒரு நாடகத்தைப் படமாக்கப் போகிறீர்களா? பாட்டு ரெக்கார்டிங்குக்கு முன்பே எடிட்டரைக் கூப்பிடுங்கள். டிராக் பதிவானதும் தாளம் பூட்டிக்கொள்கிறது. பாட்டுக்கு நடுவே ஒரு ஜோக்குக்கு அரை நொடி வேண்டுமென்று அப்புறம் கேட்டால் யாராலும் தர முடியாது. பாட்டு முடிந்து கையை விரித்தபடி உறைந்து நிற்கும் அந்தக் கடைசி போஸ், மேடையில் கைதட்டலுக்காக வைத்தது. திரையில் அது வெறும் பள்ளம். அடுத்த காட்சியின் சத்தம் அதற்குள்ளேயே தொடங்கும்படி திட்டமிட்டுப் படமெடுங்கள்.

ஜோக்கைக் கேட்கிறவரின் முகத்தையும் தனியாக எடுத்து வையுங்கள். முதல் எடிட் முடிந்ததும் படத்தோடு சம்பந்தமில்லாத ஆட்களை உட்காரவைத்து, எந்த வசனம் சிரிப்பில் முழுகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் செருக அந்த ஷாட்தான் கைகொடுக்கும்.