‘வயர்லெஸ்’ கெமராவுக்கும் வயர் வேண்டும்

போன வெசாக் லீவில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் ஹட்டனில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்தது. பழைய ரோசா பஸ் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, சிங்க், குட்டி பிரிஜ் என்று ஒரு குறையும் இல்லை. நோர்வூட் பக்கம் ஒரு தோட்ட ரோட்டில் ஏறி, திருப்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே இறங்கியிருக்கிறார்கள். வயர்லெஸ் பின் கெமராவின் திரையில் ரோடு பளிச்சென்று தெரிந்ததாம். பின் சக்கரம் ரோட்டோர வடிகானுக்குள் விழுந்த பிறகும் அதே ரோடு அப்படியே தெரிந்ததாம்.

படம் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. ஓடாத படத்தைப் பார்த்து வண்டியை ஓட்டியிருக்கிறார் மனுஷன். கொழுந்து ஏற்ற வந்த லொறிதான் கயிறு கட்டி இழுத்துவிட்டது.

“இந்த மிஸ்ட்ல சிக்னல் அடிபட்டுட்டு போல, பாஸ்” என்றார்.

பாவம், மூடுபனி. மலையில் எது நடந்தாலும் பழி அதன்மேல்தான். இந்த கெமராக்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறவை. ஏழு மீட்டர் வண்டிக்குள் அந்த அலைக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. அதை மறிப்பது தகரம். அந்த ரோசாவில் படத்தை அனுப்பும் பெட்டி பின்கதவுத் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் சூடு, குளிர் தாங்க ஒட்டிய அலுமினியத் தாள். அதற்கும் முன்னால் பிரிஜ், எவர்சில்வர் சிங்க். நடுவில் ஒரு வைஃபை ரவுட்டர் வேறு, அதே 2.4இல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கெமரா வரும் அட்டைப்பெட்டியில் ‘100 மீட்டர்’ என்று அச்சடித்திருப்பது வெட்டவெளிக் கணக்கு. சமையலறையும் அலமாரியும் உள்ள வண்டிக்கு அது பொருந்தாது.

பெரிய வேலை ஒன்றும் செய்யவில்லை. பின்னால் இருந்த ஆன்டெனாவைக் கூரையை ஒட்டி அலமாரிகளுக்கு மேலே ஏற்றினேன். முன்னால் இருந்ததையும் விண்ட்ஸ்கிரீனின் மேல் மூலைக்குக் கொண்டுபோனேன். ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அப்புறம் படம் நிற்கவில்லை.

ஆனால் என்னிடம் வரும் பழுதுகளில் பாதிக்குமேல் சிக்னலால் வருவதில்லை, கரண்டால் வருகிறது. ‘வயர்லெஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் வயரே வேண்டாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பின்னாலிருந்து முன்னால் வரும் படத்து வயர் ஒன்றுதான் இதில் தேவையில்லை. கெமராவுக்கும் கரண்ட் வேண்டும், திரைக்கும் வேண்டும். ஹயஸ் போன்ற வேன்களில் 12 வொல்ட். ரோசா, கோஸ்டர், பெரிய லொறி எல்லாம் பெரும்பாலும் 24. தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு 12 வொல்ட் கெமராவை லொறியின் ரிவர்ஸ் லைட்டில் கொடுத்தேன். கியரைப் போட்டதும் பிளாஸ்டிக் கருகும் வாடைதான் முதலில் வந்தது. என் காசில் புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மீட்டரை வைக்காமல் எந்த வயரையும் வெட்டுவதில்லை. 24 வொல்ட் வண்டி என்றால் இரண்டையும் தாங்கும் கெமரா வாங்குங்கள், இல்லாவிட்டால் இடையில் 24ஐ 12 ஆக்கும் ஒரு கன்வர்ட்டர் போடுங்கள்.

சரி, ரிவர்ஸ் லைட்டிலிருந்தே கரண்ட் எடுக்கலாமா? வேலை சுலபம், அதனால்தான் எல்லோரும் அங்கே எடுக்கிறார்கள். ஆனால் அப்படி எடுத்தால் ரிவர்ஸ் போட்ட பிறகுதான் கெமரா கண் விழிக்கும். திரையோடு சேர்ந்து படம் வர இரண்டு மூன்று வினாடி ஆகும். போனில் பார்க்கும் வைஃபை வகைக்கு இன்னும் அதிகம். அதற்குள் அவசரக்கார டிரைவர் அரை வண்டி பின்னால் போயிருப்பார். நான் சாவி போட்டதும் வரும் கரண்டில் கொடுப்பேன், சின்ன பியூஸ் ஒன்றோடு. பிரிஜுக்கும் விளக்குக்கும் என்று தனியாக வைத்திருக்கும் பெட்டரியில் நேராகக் கொடுத்துவிட்டு மறந்துபோகாதீர்கள். 0.3 அம்பியர் இழுக்கும் கெமரா ஒரு நாளைக்கு 7 அம்பியர் மணிக்குமேல் தின்னும். ஒரு வாரம் வண்டியை நிறுத்திவைத்தால் 50. நுவரெலியாக் குளிரில் விடிய எழும்பி விளக்கைப் போட்டால் மங்கலாகத்தான் எரியும்.

எர்த்தையும் பாருங்கள். பின் விளக்குக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஆணியில் எர்த் கொடுத்தால் படத்தில் கோடு கோடாக ஆடும். கெமரா கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்கியவர்களும் இருக்கிறார்கள். துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையமும் சிலிக்கனும் வைக்காமல் விட்டால் இங்கே பெய்யும் மழைக்கு ஒரே வருடத்தில் தகரம் உப்பும்.

அடுத்தது தாமதம். கெமரா பார்ப்பதற்கும் திரை காட்டுவதற்கும் இடையில் எப்போதும் ஒரு இடைவெளி இருக்கும். மணிக்கு 5 கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகத்தில் ரிவர்ஸ் எடுத்தாலும் வினாடிக்கு 1.4 மீட்டர் போகிறீர்கள். படம் அரை வினாடி பிந்தினால் 70 சென்டிமீட்டர். தோட்ட ரோட்டில் சக்கரத்துக்கும் கானுக்கும் இடையில் அவ்வளவு இடம் இருந்தாலே பெரிய விஷயம். உங்கள் கெமரா எவ்வளவு பிந்துகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு போனில் ஸ்டொப் வொட்ச்சை ஓடவிட்டு கெமராவின் முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் போனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுங்கள். பெரிய வண்டி என்றால் முன்னால் இருக்கும் திரையைக் கழற்றிப் பின்னால் கொண்டுவர வேண்டியிருக்கும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம். கால் வினாடியைத் தாண்டினால் நான் பூட்டமாட்டேன்.

எனக்கு உண்மையில் பயம் தருவது தூரத்தைக் காட்டத் திரையில் தெரியும் அந்தப் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள்தான். அவை சமதரைக்குப் போட்ட கணக்கு. வண்டிக்குப் பின்னால் நிலம் மேடாக ஏறினால், அங்கே இருக்கும் பொருள் உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும். பள்ளமாக இறங்கினால் கிட்டத் தெரியும். நிலத்தைத் தொடாமல் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும், லொறியின் பின்பலகையோ கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கூரையோ, இன்னும் மோசம். கோட்டுக்கு அப்பால் இருப்பது போலக் காட்டிவிட்டுக் கண்ணாடியை உடைக்கும். ரோட்டோரத்தில் மானாப்புல் அடர்ந்திருந்தால் அதற்குக் கீழே நிலம் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா என்று எந்த கெமராவும் சொல்லாது. அதனால் கெமராவைச் சாய்க்கும்போது பம்பரின் ஓரம் திரையின் அடியில் தெரியும்படி வைப்பேன். கோடு பொய் சொன்னாலும் பம்பர் பொய் சொல்லாது. தலைக்கு மேலே தொங்கும் கிளையும் மின்கம்பியும் இதில் அகப்படாது. அதற்கு இறங்கிப் பார்ப்பதுதான் வழி.

பனி உண்மையில் மறைப்பது கெமராவின் கண்ணாடியைத்தான். காலையில் லென்ஸில் துளித்துளியாக நிற்கும். துணியால் துடைத்தால் போகும். உள்ளே வேர்த்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து இல்லை. வாங்கும்போதே, தண்ணீர் புகாத தரத்தைச் சொல்லும் எண் ஐபி67க்குக் குறையாமல் பாருங்கள்.

வண்டியை இனிமேல்தான் வீடாக மாற்றப்போகிறீர்கள் என்றால் உள்பலகை அடிக்கும் முன் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கேபிளை இழுத்துவிடுங்கள். வயர் போட்ட கெமராவில் படம் லேசில் நிற்காது, பிந்துவதும் குறைவு. வயர்லெஸ் என்பது எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகு வருகிறவர்களுக்கு.

எங்கள் கராஜின் வாசல் ரோட்டிலிருந்து மேடாக ஏறும். கெமரா பூட்டிய வண்டியை ரோட்டில் சமமாக நிறுத்தி, பின்னால் அந்த மேட்டில் ஒரு சிவப்பு வாளியை வைப்பேன். “திரையைப் பார்த்து வாளிக்கு ஒரு அடி முன்னால நிப்பாட்டுங்க அண்ணே” என்பேன். அந்த ரோசாக்காரரும் எடுத்தார். வாளி இன்னும் மஞ்சள் கோட்டில்தான் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாளி நசுங்கியது. இந்த வருடத்தில் அது மூன்றாவது வாளி.