எஞ்சின் மட்டுமா, கைதிகளா? கிளிங்கன் மொழி வேலை செய்யும் விதம்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதைத் தொடரின் ரசிகர்கள் நான்கு பேர் கூடினால், பிடித்த காட்சி எது என்ற பேச்சு வராமல் இருக்காது. என் ஓட்டு எப்போதும் ஒரு கொலைக்குத்தான். 1984-இல் வந்த மூன்றாவது திரைப்படத்தில், கிளிங்கன் என்ற வேற்றுக்கிரகப் போர்வீர இனத்தின் தளபதி க்ரூக் எதிரியின் ஆய்வுக் கலத்தை முடக்க எஞ்சினை மட்டும் குறிவைக்கச் சொல்கிறான். சுடுபவனின் கை சற்றே தவறுகிறது; கலம் முழுவதும் வெடித்துச் சிதறுகிறது. அதிர்ஷ்டத்தில் பட்டுவிட்டது என்று அவன் அசட்டுத்தனமாகச் சொல்ல, க்ரூக் அவனை அங்கேயே ஆவியாக்கிவிடுகிறான். எனக்குக் கைதிகள் வேண்டியிருந்தார்கள் என்பது க்ரூக் சொல்லும் காரணம்.

ஆனால் படப்பிடிப்பு நாளில் நடிகர் அந்த வசனத்தைக் கிளிங்கன் மொழியில் பேசியபோது அதில் கைதிகளே இல்லை. தமிழ் எழுத்தில் ஏறக்குறைய ‘கமாபு ஜோன்ட்டா நெஹ்’ என்று ஒலிக்கும் அந்த வாக்கியத்துக்கு அன்று இருந்த பொருள்: ‘எஞ்சின் மட்டும் என்று உன்னிடம் சொன்னேனே!’ க என்றால் ‘நான் உன்னை’, மா என்றால் ‘சொல்’, பு என்றால் ‘ஆயிற்று’. ஜோன்ட்டா என்பது எஞ்சின். நெஹ் என்பது ‘மட்டும்’.

படத்தொகுப்பின்போது திரையின் கீழே வரும் ஆங்கில வரியைக் ‘கைதிகள் வேண்டும்’ என்று மாற்றிவிட்டார்கள். நடிகரின் வாய் அசைந்தது அசைந்ததுதான். மொழியை உருவாக்கிய மார்க் ஓக்ரண்ட் என்ன செய்தார் தெரியுமா? ஓர் ஒலியைக்கூடத் தொடாமல் வாக்கியத்தை வேறு இடங்களில் வெட்டினார். கமா என்றால் இனிமேல் ‘கைதி’; பு என்பது ‘கள்’ விகுதி; ஜோன் என்றால் ‘பிடி’; ட்டா என்பது ‘செய்துமுடித்தல்’; நெஹ் என்றால் ‘விரும்பு’. கைதிகளைப் பிடிக்க விரும்பினேன். நம் ஊர்ப் புலவர்கள் இதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். அவர்கள் அதைப் புலமையைக் காட்டச் செய்தார்கள். ஓக்ரண்ட் வேலையை முடித்துக்கொடுக்கச் செய்தார். ‘நான்’ என்பதைக் காட்டும் முன்னொட்டு அந்த வாக்கியத்தில் காணோமே என்று கேட்பவர்களுக்கும் அவருடைய அகராதியில் பதில் இருக்கிறது. அவசரத்தில் இருக்கும் கிளிங்கன் வீரர்கள் முன்னொட்டுகளை விழுங்கிவிடுவார்களாம்!

கிளிங்கன் வளர்ந்த விதமே இதுதான். வாயிலிருந்து வந்துவிட்ட ஒலிக்கு இலக்கணம் பின்னால் ஓடிவரும். 1967-இல் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிப் பகுதியில் இந்த மொழியின் பெயர் மட்டும் அடிபட்டது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. 1979-இல் வந்த முதல் திரைப்படத்துக்காக, தொடரில் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன் சில கரகரப்பான வசனங்களை உருவாக்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கரகரப்பை மொழியாக்கும் பொறுப்பு ஓக்ரண்டிடம் வந்தது. அவர் கலிபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுனின் இலக்கணத்தை ஆராய்ந்து பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். முட்சுனைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930-இலேயே இறந்துவிட்டார். எஞ்சிய குறிப்புகளிலிருந்துதான் இலக்கணத்தைக் கோக்க வேண்டியிருந்தது. பேச ஆளில்லாத மொழிக்கு இலக்கணம் எழுதிய கை, பேச ஆளே பிறந்திராத மொழிக்கும் எழுதியது.

அவருடைய நோக்கம் எளியது: மனித வாயால் பேச முடிய வேண்டும், ஆனால் மனித மொழி போல இருக்கக் கூடாது. ஒலிகளிலேயே அது தொடங்குகிறது. தமிழில் ‘ட’ தனியாக நிற்பதில்லை. நாக்கை அதேபோல மடித்துச் சொல்லும் ண, ள என்ற உறவினர்களும் கூடவே இருக்கிறார்கள். உலக மொழிகளின் பொது வழக்கமும் ஏறக்குறைய இதுதான். கிளிங்கனிலோ ‘பாடம்’ என்பதில் வரும் ட உண்டு, ஷ போன்ற ஓர் ஒலி உண்டு, ண கிடையாது. நம் ‘க’ கிடையாது. அதைவிட ஆழத்தில், உள்நாக்கருகே பிறக்கும் வேறொரு ககரம் இருக்கிறது. வேண்டுமென்றே கோணலாக அடுக்கிய அலமாரி.

சொல் வரிசையும் அப்படித்தான். ‘புக் லெக் யஷ்’ என்றால் ‘குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி’. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற இந்த வரிசை உலக மொழிகளில் மிக அரிது. அமேசான் காட்டின் ஹிஷ்கரியானா அபூர்வமான சான்று. தமிழருக்கு இந்த வாக்கியம் பெரிதாக உறுத்தாது. நாமும் பேச்சிலும் பாட்டிலும் சொற்களை இப்படிப் புரட்டுகிறோம். ‘குழந்தையை’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐ, சொல் எங்கே போனாலும் பொருளைக் காப்பாற்றிவிடும். கிளிங்கனில் அந்த ஐ இல்லை. குழந்தையும் அதிகாரியும் இடம் மாறினால் பார்ப்பவரும் மாறிவிடுவார்.

வினைச்சொல்லின் வாலில் வரும் ஒட்டுகளைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். இந்த மொழியில் காலம் காட்டும் விகுதியே கிடையாது. நேற்றா நாளையா என்பதைத் தனிச்சொல்லால் சொல்ல வேண்டும். விகுதிகள் காட்டுவது செயல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை. நம் ‘கொண்டிருக்கிறது’ போன்ற நிலைக்கு அங்கே இரண்டு விகுதிகள். ஒன்று, சும்மா நடந்துகொண்டிருப்பதற்கு. மற்றொன்று, ஓர் இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதற்கு. ஓர் ஏவுகணை நெருங்குகிறது என்று சொல்லும்போது இரண்டாவது விகுதியைப் போட்டால், அது உங்கள் கலத்தைக் குறிவைத்துத்தான் வருகிறது என்று பொருள். ஓடுவதா நிற்பதா என்பதை ஓர் அசை முடிவுசெய்கிறது.

சொல்வளம் வேறு கதை. புதிய சொல் வேண்டுமென்றால் ரசிகர்கள் ஓக்ரண்டைத்தான் கேட்க வேண்டும். அவர் சொன்னால்தான் சொல். அந்த அதிகாரத்தை அவர் கடிஜோக்குகளுக்கும் பயன்படுத்துகிறார். ஆங்கில எழுத்துக்கூட்டலின் அபத்தத்தைக் கேலி செய்ய, மீனைக் குறிக்கும் ‘fish’ என்ற சொல்லை, ‘கோட்டி’ என்று படிக்கும்படி ghoti என எழுதிக் காட்டும் பழைய வேடிக்கை ஒன்று உண்டு. கிளிங்கனில் மீனுக்கு அதுவே சொல். கிதார் போன்ற தந்தி வாத்தியத்துக்கு ‘லெஷ்பால்’, புகழ்பெற்ற கிதார் கலைஞர் லெஸ் பாலை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். நெல்லைக்காரர்கள் மீனுக்கு ‘கோட்டி’ என்ற பெயரைக் கேட்டால் சிரிப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது: அங்கே கோட்டி என்றால் பைத்தியம்.

இனி அந்த ‘பு’ விகுதிக்குத் திரும்புவோம். கிளிங்கனில் பன்மைக்கு மூன்று விகுதிகள்: உடல் உறுப்புகளுக்கு ஒன்று, பேசத் தெரிந்தவர்களுக்கு ‘பு’, மற்ற எல்லாவற்றுக்கும் ‘மே’. கைதி பேசுவான், ஆகவே பு. ‘என்’ என்று உரிமை சொல்வதிலும் இதே பிரிவு. பேசுபவருக்கு ‘வி’, பேசாததற்கு ‘விஜ்’. என் தலைவர் என்பதற்கு ‘ஜோஹ்வி’. அதையே ‘ஜோஹ்விஜ்’ என்றால் இலக்கணப் பிழை இல்லை என்கிறது அகராதி, அவமதிப்பு என்கிறது. தலைவரைப் பொருளாக்கிவிட்டீர்கள்.

இது தமிழருக்கு நன்றாகத் தெரிந்த ஆயுதம். ஒருவரைப் பற்றி ‘அது எங்கே போச்சோ’ என்று சொல்லும்போது வரும் குத்தல் முழுவதும் திணையிலிருந்து வருகிறது. எல்லைக்கோடு வரைந்த இடத்தில்தான் இரண்டு மொழிகளும் பிரிகின்றன. மக்கள், தேவர், நரகர் உயர்திணை என்கிறது நன்னூல். நீங்கள் யார் என்பதுதான் அங்கே கேள்வி. கிளிங்கன் கேட்பது ஒன்றே ஒன்று: பேசுவாயா?

என் இரண்டாவது பிடித்த காட்சி இங்கே வந்து நிற்கிறது. 1989-இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில், டேட்டா என்ற மனித உருவ இயந்திரம் தனி ஆளா, உடைமையா என்று விசாரணை நடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஆசைப்படும் விஞ்ஞானி மேடக்ஸ் கதை நெடுக ‘அது’ என்றே சொல்கிறார். தீர்ப்பு வந்த பிறகு வியப்பில் ‘அவன்’ என்று சொல்லிவிடுகிறார். அதை முதலில் கவனிப்பவர் நீதிபதி. தமிழில் இந்தப் பகுதியை மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம்தான்; முதல் காட்சியிலேயே வினைமுற்று வழக்கைத் தீர்த்துவிடும்.

கிளிங்கன் நீதிமன்றமாக இருந்தால் வழக்கு ஒரு நிமிடம்கூட நீளாது. டேட்டா பேசுகிறான், ‘வி’ விகுதி, அடுத்த வழக்கு. நன்னூல்படி போனால் மேடக்ஸ்தான் வெல்வார், ஏனென்றால் டேட்டா மக்களிலும் இல்லை, தேவரிலும் இல்லை. கிளிங்கன்களுக்கு அந்தச் சிக்கல் வராது. அவர்களை நரகர் கணக்கில் சேர்த்துவிடலாம், பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.