காவலன் சாவியைக் கொடுத்த பிறகு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களை நடத்தித் தருவதைத் தொழிலாக ஏற்ற முதல் ஆண்டில், நடத்துபவனாக நான் குரல் கொடுத்த ஒரு கோட்டை வாசற்காவலனால் எனக்கு நேர்ந்த சங்கடத்தைப் புதிதாக ஆட்டம் நடத்த வருபவர்களிடம் இன்றும் சொல்வதுண்டு. ஆட்டக்காரர் ஒருவர், "சாவியைக் கொடு என்று அவனிடம் நயமாகக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் இருபது முகப் பகடையை உருட்டினார், அதன் உச்ச எண்ணான 20 விழுந்தது. மேசையே ஆரவாரித்ததால், நானும் மறுக்க மனமில்லாமல் சாவியைக் கொடுக்க வைத்தேன். பல வாரங்களாகக் கட்டி எழுப்பிய முற்றுகைக் கதை அரை நிமிடத்தில் முடிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு அந்தக் குழுவில் எவரும் எந்தப் பாத்திரத்திடமும் பேசவே இல்லை, பகடையை மட்டும் உருட்டினார்கள் என்பதுதான் உண்மையான இழப்பு.

சண்டைக் காட்சியில் அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறைவதைப் பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துவைக்கும் தாளிலேயே பார்க்கலாம். பேச்சில் எது குறைந்தது, யார் யாருக்குக் கடன்பட்டார், எந்தப் பொய் யார் காதில் விழுந்தது என்பதற்குப் பெரும்பாலான ஆட்டத் தாள்களில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததால் நடத்துபவரும் அதை மறந்துவிடுகிறார். மறந்துவிட்டால் பேச்சு விலையில்லாப் பொருளாகிவிடுகிறது. நான் பார்த்தவரை, பேச்சுக் காட்சிகள் சப்பென்று போவதற்கு ஆட்டக்காரர்களின் கூச்சத்தைவிட இதுவே பெரிய காரணம்.

பகடைக்கு இவ்வளவு அதிகாரம் தொடக்கத்தில் இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட, இவ்வகை ஆட்டங்களின் முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், எதிர்ப்படுபவரின் மனநிலையை இரண்டு ஆறுமுகப் பகடைகளால் அறியும் அட்டவணை அதிலேயே இருந்தது. அதன் 1981-இன் பேசிக் பதிப்பில் 2 விழுந்தால் உடனடித் தாக்குதல், 12 விழுந்தால் மனமார்ந்த நட்பு, 6 முதல் 8 வரை விழுந்தால் தயக்கம். இரண்டு பகடைகள் தரக்கூடிய 36 சேர்க்கைகளில் 16 இந்தத் தயக்கத்தில்தான் விழுகின்றன. இரு முனைகளுக்கும் ஒவ்வொன்றுதான். எதிரில் நிற்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதோடு பகடை ஒதுங்கிக்கொள்ள, மீதியை ஆட்டக்காரர் பேசித்தான் பெற வேண்டியிருந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் டிப்ளமசி என்னும், பேசி இணங்க வைக்கும் திறன் இந்த உறவைத் தலைகீழாக்கியது: திறன் புள்ளிகளைப் போதுமான அளவு குவித்துக்கொண்டவர், பகைவனையும் ஒரே உருட்டலில் உதவும் நண்பனாக மாற்றிவிடலாம் என்ற நிலை வந்து, அது பல மேசைகளில் கேலிப்பொருளும் ஆயிற்று.

அதே ஆட்டத்தின் 2014-இன் ஐந்தாம் பதிப்பில், ஆட்டம் நடத்துபவருக்கான நூலில் உள்ள சிறிய அட்டவணையைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அதன்படி, உருட்டலின் மொத்தம் 20-ஐ எட்டினால், நட்புடையவர் கோரிக்கைக்காகப் பெரிய ஆபத்தையும் ஏற்பார். அக்கறையற்றவர் சிறிய ஆபத்தை மட்டும் ஏற்பார். பகையுடையவரோ தமக்கு எந்த இழப்பும் வராத உதவியை மட்டுமே செய்வார். சாவியைக் கொடுத்தால் காவலனின் தலை போகும் என்னும்போது, 20 விழுந்தாலும் அவன் சாவியைக் கொடுத்திருக்கவே கூடாது. பிழை பகடையினுடையது அன்று, என்னுடையது.

ஆகவே இப்போது பகடையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, காவலன் எதை விரும்புகிறான், எதற்கு அஞ்சுகிறான், கேட்டதைச் செய்தால் அவனுக்கு என்ன போகும் என்பதை எனக்குள் முடிவு செய்துகொண்டு, வென்றால் அதிகபட்சம் என்ன கிடைக்கும், தோற்றால் நிலைமை எப்படி மாறும் என்பதை ஆட்டக்காரரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். மர்மம் கெடும் என்று சிலர் குறைப்படுவதுண்டு. என் அனுபவத்தில், பணயம் தெரிந்த பிறகுதான் உருட்டுபவரின் கை நடுங்குகிறது. தோல்வி என்பது வெறும் மறுப்பாக இருந்தால் ஆட்டக்காரர் அதையே சொல் மாற்றி மறுபடியும் கேட்பார். லூக் கிரேனின் பர்னிங் வீல் ஆட்டத்தில் இதற்கு நல்ல விதி உண்டு: சூழ்நிலை உண்மையிலேயே மாறும்வரை ஒரு முறை விழுந்த முடிவே நிற்கும்.

மிரட்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மிரட்டல் அந்த நிமிடத்தில் பலிக்கட்டும்; அதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் மிரண்டவர் மிரட்டியவர் நகர்ந்ததும் யாரிடம் ஓடுவார் என்று எழுதி வைப்பது நடத்துபவரின் வேலை. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், யாருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, யாரிடம் பொய் சொல்லப்பட்டது, அதை யார் பார்த்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதுகிறேன். ஒரு குழுவினர் தம்மை அரசாங்க அளவையாளர்கள் என்று சொல்லிக் கூலி தராமல் ஆற்றைக் கடந்தார்கள். நான்கு அமர்வுகள் கழித்து அதே படகுக்காரி, தன் ஊரின் வரிப் பிணக்கைத் தீர்த்துத் தருமாறு மனுவோடு வந்து நின்றாள். அவள் பழிவாங்க வரவில்லை, நம்பி வந்திருந்தாள். அதனால்தான் மேசையில் அவ்வளவு நேரம் அமைதி நிலவியது. எல்லாப் பொய்க்கும் தண்டனை தந்துகொண்டிருந்தால் ஆட்டக்காரர்கள் பேச்சை விட்டு வாளுக்கே திரும்பிவிடுவார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியவருக்கும் அதே பக்கத்திலிருந்து ஏதேனும் நன்மை போய்ச் சேர வேண்டும்.

தமிழில் ஆடும்போது இன்னொரு வசதியும் சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. அரண்மனைக் கணக்கரை "நீ" என்பதா, "நீங்கள்" என்பதா, "ஐயா" என்பதா என்று வாய் திறந்ததுமே முடிவெடுத்தாக வேண்டியிருப்பதால், பகடைக்கு முன்பே ஒரு விளைவு தொடங்கிவிடுகிறது. ஆனால் ஆட்டக்காரர் தடுமாறிச் சொன்னதற்காக அவருடைய பாத்திரத்தைத் தண்டிக்கலாகாது. வாள் வீசத் தெரியாதவர் வீரனாக ஆடுவது போல, பலர் முன் பேசத் திணறுபவரும் நாவன்மை மிக்க தூதராக ஆடலாம். "என்ன சொல்லி இவரை இணங்க வைக்கப் பார்க்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதும், வசனம் விருப்பமானால் வரட்டும்.

ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் மற்றவரின் பாத்திரத்தை இணங்க வைக்க முயலும்போது பகடையால் கட்டாயப்படுத்த நான் அனுமதிப்பதில்லை. 2010-இல் வெளிவந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டம் இதைக் கையாளும் விதம் எனக்குப் பிடிக்கும்: அங்கே வெற்றி பெற்றாலும் மற்றவர் கட்டுப்பட வேண்டியதில்லை, இணங்கினால் பலன், மறுத்தால் இடர் என்று அவர் முன் வைக்கப்படுகிறது, தேர்வு அவருடையதாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட அதிகச் சேதம் விளைவித்த என் பிழை ஒன்று உண்டு. பிறர் பேசும்போது குறுக்கிட்டுக்கொண்டே இருந்த ஒருவரின் பாத்திரத்தை, நான் எரிச்சலில் நகரக் காவலர்களால் சிறைப்பிடிக்க வைத்தேன். எதற்கான தண்டனை என்று அவருக்கும் புரிந்தது, மற்றவர்களுக்கும் புரிந்தது. அவர் மறுவாரம் வரவில்லை. ஆட்களுக்கு இடையிலான பிணக்கைப் பாத்திரங்களின் தலையில் இறக்கினால், அதன் பிறகு கதைக்குள் வரும் நியாயமான விளைவையும் யாரும் நம்பமாட்டார்கள். இப்போது அத்தகைய வேளையில் இடைவேளை விட்டு, தேநீரோடு அவரைத் தனியே அழைத்து நேராகச் சொல்லிவிடுகிறேன். காதல், அவமதிப்பு, சித்திரவதை போன்றவற்றில் எவை கதையில் வரவே கூடாது, எவை வந்தாலும் திரைக்குப் பின்னால் நிகழ வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே, பாத்திரங்களை உருவாக்கும் முன், கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

அந்தக் கோட்டையை அண்மையில் வேறொரு குழுவுக்கு மீண்டும் நடத்தினேன். இம்முறையும் நல்ல எண்ணே விழுந்தது. காவலன் சாவியைத் தரவில்லை. காவல் மாறும் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே சமையற்கட்டில் வேலை செய்யும் தன் தங்கையை அன்றிரவே வெளியே கொண்டுவர வேண்டும் என்று கேட்டான். மதிலுக்கு உள்ளே போன பிறகு, முதலில் கருவூலமா சமையற்கட்டா என்று அந்த நால்வரும் முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். நான் பகடையைத் தொடவே இல்லை.