சிவப்பைக் கறுப்புக் கோடாக்கும் வித்தை

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரப் பேராலயத்துக்காக ஓவியர் ரூபன்ஸ் 1612–14இல் வரைந்த 'சிலுவையிலிருந்து இறக்குதல்' ஓவியத்தின் நடுப்பலகை 4 மீட்டருக்கும் மேல் உயரம். அதில் யோவானின் அங்கி பளீரென்ற சிவப்பு. ஹாலந்துப் பக்கமுள்ள சால்ட்பொம்மலில் பிறந்த லூக்காஸ் ஃபோர்ஸ்டர்மன் 1620இல் அதே காட்சியைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சுப்படமாக்கினார். தாளின் உயரம் அரை மீட்டர் சொச்சம். நிறமோ கறுப்பு மை ஒன்றுதான். சாம்பல் நிறம்கூடக் கிடையாது. ஓரிடத்தில் மை இருக்கும், அல்லது இருக்காது.

விஷயமெல்லாம் பியூரின் என்ற எஃகு உளியில் இருக்கிறது. அதன் நுனி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், பிடி உள்ளங்கையில் பொருந்தும். பேனாவைப் போல இழுக்கமாட்டார்கள், முன்னே தள்ளுவார்கள். வளைகோடு வேண்டுமானால் உளிக்கை அதிகம் திரும்பாது. தோல் திண்டின்மேல் கிடக்கும் தகட்டை மற்றக் கை திருப்பிக் கொடுக்கும். செம்பு சுருள் சுருளாகப் பெயர்ந்து வரும். உண்டாகும் பள்ளம் மேலே அகன்றும் அடியில் குறுகியும் இருப்பதால், ஆழம் கூடினால் அகலமும் கூடும், கொள்ளும் மையும் கூடும். ஆக, ஒரே கோட்டை மயிரிழையாகத் தொடங்கி, நிழல் விழும் இடத்தில் பருக்க வைத்து, மறுபடி மெலியவிடலாம். இந்த உத்தியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹார்லெம் நகரத்து ஹென்ட்ரிக் ஹோல்ட்சியஸ்.

அச்சிடுவது எளிதாகப் புரியும். தகடு முழுவதும் மை பூசி மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். நனைத்த தாளையும் கம்பளியையும் மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தும்போது, தாள் பள்ளத்துக்குள் புகுந்து மையை எடுத்துக்கொள்ளும். நல்ல பிரதியில் கோடுகள் விரலுக்கு மேடாகத் தட்டுப்படும் (அருங்காட்சியகத்தில் தொடவிடமாட்டார்கள், அது வேறு).

மீதி வேலையைக் கண் செய்கிறது. 30 சென்டிமீட்டர் தூரத்தில் சுமார் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் நல்ல கண்ணால் பிரித்தறிய முடியும். கொஞ்சம் விலகி நின்றால் இன்னும் அகன்ற இடைவெளிகளும் கலந்து சாம்பலாகிவிடும். கிட்டே வந்தால் மறுபடி கோடுகள்.

ஆனால் சிக்கல் நிறத்தில்தான். சிவப்பும் நீலமும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே எது வெளிச்சம், எது நிழல் என்று முதலில் ஒரு வரைபடத்தில் தீர்மானித்துவிடுவார்கள். ரூபன்ஸின் பட்டறையில் சோதனைப் பிரதிகளும் வந்தன. அவற்றின்மேல் அவரே தூரிகையால் திருத்தினார். துணியா தசையா என்பதைக் கோடு ஓடும் திசை சொல்லும்: மடிப்போடு ஓடினால் துணி, உருண்டையைச் சுற்றி வளைந்தால் தசை. இயேசுவின் உடல் சரிந்து இறங்கும் அந்த வெள்ளைத் துணியில்தான் ஓவியத்தின் ஒளி முழுவதும் திரண்டிருக்கிறது. அச்சில் அதன் பெரும்பகுதி உளி படாத வெறுந்தாள். என் பார்வையில் ஃபோர்ஸ்டர்மனின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான்.

இத்தனை உழைப்பைப் பிறர் நகலெடுத்து விற்காமல் தடுக்க ரூபன்ஸ் பிரான்சிலும், ஆன்ட்வெர்ப் அடங்கிய பிரபாண்ட் பகுதியிலும் உரிமை வாங்கினார். டச்சுக் குடியரசு முதலில் மறுத்து, 1620இல்தான் தந்தது. உதவிய ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனுக்கே இந்த அச்சுப்படம் சமர்ப்பணம். 1622 வாக்கில் ஓவியருக்கும் செதுக்குநருக்கும் கடும் மனக்கசப்பு. படமோ ஊர் ஊராகப் போய்விட்டது. ஹாலந்தில் ரெம்பிராண்ட் தன் சொந்தச் சிலுவை இறக்கத்தை வரைய அதையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

இன்னொரு விசித்திரம், இடவலம். தகட்டில் உள்ளபடியே செதுக்கினால் தாளில் கண்ணாடி பிம்பமாக விழும். ரூபன்ஸின் 'சிம்சோனும் தெலீலாளும்' காட்சியை ஹார்லெமின் யாக்கொப் மாதம் என்ற செதுக்குநர் 1613 வாக்கில் அச்சாக்கியபோது அப்படித்தான் ஆனது. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ஓவியத்தில் சிம்சோனின் கால்விரல்கள் சட்டத்தோரம் வெட்டுப்பட்டிருக்கின்றன; மாதமின் அச்சிலோ பாதம் முழுசாக இருக்கிறது. ஓவியம் ரூபன்ஸுடையதே அல்ல என்று வாதிடுபவர்கள் இந்த விரல்களைத்தான் முதலில் காட்டுகிறார்கள். கேலரி ஏற்கவில்லை; ஓவியம் இன்றும் ரூபன்ஸ் பெயரில்தான் இருக்கிறது.