திரையில் ஆடுவது ரோபோ அல்ல, அதன் பொம்மை

"திரையில் கை நகர்ந்துவிட்டதே, அப்புறம் ஏன் போல்ட் கழலவில்லை?" தொலைவில் இருக்கும் ரோபோவை 3டி திரையில் பார்த்து இயக்குகிறவர்களே, தயவுசெய்து இந்தக் கேள்வியை இனிமேல் கேட்காதீர்கள்.

3டி திரையில் தெரிவது கேமரா படம் அல்ல. ரோபோவின் உருவம் ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் இருக்கிறது. ரோபோவிடமிருந்து வருபவை வெறும் எண்கள்: ஒவ்வொரு மூட்டின் கோணம், இருக்கும் இடம், அளந்த நேரம். அந்த எண்களைக் கொண்டு இங்கே பொம்மையை ஆட்டுகிறோம். வீடியோ அறுந்தால் பெரும்பாலும் திரை கறுக்கும், கட்டம் கட்டமாகச் சிதறும், குழந்தைக்குக்கூடத் தெரியும். எண்கள் அறுந்தால் பொம்மை கடைசிக் கோலத்தில் பளபளவென்று நிற்கும், அவ்வளவுதான்.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 கட்டுப்பாட்டு அறைத் திரையில் பச்சைப் புள்ளி நிலாத்தரைக்குச் சற்று மேலே அப்படியே நின்றதை நாடே பார்த்தது. விக்ரம் அங்கே நிற்கவில்லை. கடைசித் தகவல் வந்த இடம் அது. லேண்டர் அதற்குப் பிறகும் விழுந்துகொண்டேதான் இருந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3ஐத் திரையில் பார்த்து 'லைவ் வீடியோ' என்று நம்பியவர்களும் உண்டு. பக்கத்தில் பறந்து படம் பிடித்தது யாராம்? பொதுமக்களை விடுங்கள். பொறியாளர்கள் இப்படி நம்புவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆர்விஸ் (RViz, ரோபோவைத் திரையில் 3டியாக வரைந்து காட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் கவனியுங்கள். தகவல் நின்றால் டிஎஃப் அச்சுகள் (ஒவ்வொரு பாகத்தின் இடத்தையும் திசையையும் காட்டும் கோடுகள்) சாம்பல் நிறமாகி, இயல்பு அமைப்பில் 15 நொடியில் மறைந்துவிடும். ஆனால் ரோபோ மாடல் மறையாது. பலர் 'திரை நெரிசலாக இருக்கிறது' என்று முதலில் அணைப்பது அந்த அச்சுகளைத்தான்!

பொம்மை இரண்டு வேண்டும். அனுப்பிய கட்டளைக்கு ஒன்று, கண்ணாடிபோல மங்கலாக. என்கோடர் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) அளந்து சொன்னதற்கு ஒன்று, அழுத்தமாக. இரண்டும் விலகியே நின்றால் கை எங்கோ முட்டிக்கொண்டிருக்கலாம். கட்டளையை மட்டும் வரைந்தால் உங்கள் ஆசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

திரையில் கை இரண்டு நிலைகளுக்கு நடுவே நடுங்குகிறதா? மோட்டாரை அவிழ்க்காதீர்கள். மூட்டுகளைக் கையால் நகர்த்திப் பார்க்கச் சோதனைக்குத் திறந்த ஸ்லைடர் ஜன்னல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். மூட்டுக் கோணங்களை எத்தனை நோடுகள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) பப்ளிஷ் செய்கின்றன, அதாவது அனுப்புகின்றன என்று முதலில் எண்ணுங்கள்.

லைடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி) புள்ளிகளுக்கு டிகே டைம், அதாவது திரையில் தங்கும் நேரம், 60 நொடி என்று வைத்தால், ஒரு நிமிடம் முன்பு கடந்துபோன ஆளும் தடையாகவே நிற்பார். 0 வைத்தால் கடைசி ஸ்கேன் மட்டும் தெரியும். லைடார் செத்தாலும் அது அழியாது.

விண்கலம் வரைகிறவர்களுக்கு: 32 பிட் ஃப்ளோட்டில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் ஒரு வடிவம்), மீட்டர் கணக்கில், நிலாத் தூரத்தில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடையே 32 மீட்டர் இடைவெளி. திரையில் கலம் உதறுவது அதனால்தான். கலத்தையே ஆதிப்புள்ளியாக (0, 0, 0) வையுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது நேரத்தில் செய்யும் தில்லுமுல்லு. ரோபோவின் கடிகாரமும் லேப்டாப்பின் கடிகாரமும் பொருந்தாமல் பிழை வரும். உடனே ஒரு புத்திசாலி, அளந்த நேரத்துக்குப் பதில், தகவல் வந்து சேர்ந்த நேரத்தையே டைம்ஸ்டாம்பாக (நேர முத்திரையாக) போட்டுவிடுவார். பிழை போய்விடும், உண்மையும் போய்விடும். தகவல் வந்து சேர நிலாவிலிருந்து ஒரு வழிக்கு 1.3 நொடி, செவ்வாயிலிருந்து 3 முதல் 22 நிமிடம். பழைய தகவல் எல்லாம் இப்போது பிறந்ததுபோலக் காட்டும். கடிகாரங்களை க்ரோனி (chrony, கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் நிரல்) போட்டுச் சரிசெய்யுங்கள், முத்திரையைத் தொடாதீர்கள். தகவலின் வயதைப் பொம்மையின் தலைமேலேயே நொடிக்கணக்கில் எழுதுங்கள். நொடிக்கு 10 முறை வரவேண்டியது அரை நொடி வராவிட்டால் பொம்மை முழுவதும் சாம்பல் நிறமாகட்டும்.

சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஆய்வுக்கூடத்தில் ரோபோவை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் சுழலும்போது திரைக் கணினியின் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள். திரைக்கு முன்னால் இருப்பவரிடம் சொல்லாமல் உருவுங்கள். அவர் எத்தனை நொடி கழித்துத் திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.