ஸ்லைடு கிட்டார்: சறுக்கலா, இழைப்பா?

கம்பியின்மேல் ஒரு துண்டை வைத்து நகர்த்தி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாருக்குச் "சறுக்கு கிட்டார்" என்ற சொல்லை இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். கடைசியாகக் கண்ணில் பட்டது, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை வாசித்த மிசிசிப்பி ஃப்ரெட் மெக்டவலைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில். முதல் வரியிலேயே அவரைச் "சுற்றுலா ப்ளூஸ் சறுக்கு கிட்டார் கலைஞர்" என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். இதில் சுற்றுலாவும் தவறு, சறுக்கும் தவறு. சுற்றுலாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஸ்லைடு என்பது பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் வினைச்சொல். ஒரு பரப்பைத் தொட்டபடியே அதன்மேல் நகர்வது என்று பொருள். கிட்டார்க்காரர்கள் வாசிக்கும் முறையையும் ஸ்லைடு என்பார்கள், கம்பியின்மேல் வைக்கும் துண்டையும் ஸ்லைடு என்பார்கள். ஹவாயில் ஜோசப் கெகுகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரும்புத் துண்டை வைத்து வாசித்துப் பெயர் பெற்றார். அமெரிக்கத் தெற்கில், சுவரில் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, புட்டியால் தேய்த்து வாசிக்கும் பழக்கம் கறுப்பின மக்களிடம் இருந்தது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கம்பியில் வைத்து வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். பிறகு புட்டியின் கழுத்தை உடைத்து, விளிம்பை மழுக்கி, விரலில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் 'பாட்டில்நெக்' என்றும் பெயர். இதை 'நெரிசல் முறை' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்ததையும் பார்த்தேன். போக்குவரத்துச் செய்தியில் வரும் பாட்டில்நெக்கை அகராதியில் எடுத்து இங்கே ஒட்டிவிட்டார். புட்டிக்கழுத்து என்று எழுதியிருந்தால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிந்திருக்கும்.

சரி, சறுக்குக்கு வருவோம். தமிழில் சறுக்குவது என்றால் பிடி இழப்பது. பாசி படிந்த படியில் கால் சறுக்கும். யானைக்கும் அடி சறுக்கும். வியாபாரத்தில் சறுக்கினான், தேர்தலில் சறுக்கினார் என்கிறோம். எல்லாவற்றிலும் வேண்டாத ஒன்று, நம்மை மீறி நடந்த ஒன்று இருக்கிறது. பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மகிழ்ச்சியான பொருள்தான். அங்கேயும் குழந்தை மேலே போய் உட்கார்ந்தால் போதும், மிச்சத்தை இறக்கம் பார்த்துக்கொள்ளும். சறுக்கல் எப்போதும் கீழ்நோக்கித்தான்.

இப்போது ஸ்லைடு வாசிப்பவரின் இடக்கையைப் பாருங்கள். வழக்கமான வாசிப்பில் விரல் கம்பியை அழுத்தும், சுருதியை மெட்டு, அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, பார்த்துக்கொள்ளும். ஸ்லைடில் கம்பி மெட்டைத் தொடவே கூடாது. விரலில் மாட்டிய குழல் மெட்டுக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். ஒரு நூல் தள்ளிப் போனால் சுருதி ஏறிவிடும், ஒரு நூல் பின்தங்கினால் இறங்கிவிடும். அழுத்தம் கூடினால் குழல் மெட்டில் மோதிக் கடகடக்கும், குறைந்தால் ஒலி மெலிந்து கம்மும். குழலுக்குப் பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியை லேசாகத் தொட்டு, தேவையில்லாத அதிர்வை அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நொடிக்கு நொடி காதைத் தீட்டிவைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. மேலேயும் போகிறது, கீழேயும் வருகிறது. இதைச் சறுக்கல் என்றால் அந்தக் கைக்கு அநியாயம் செய்கிறோம்.

சறுக்கை ஆதரிப்பவர்களிடம் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. கர்நாடக இசையில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விட்டுப்போகாமல் செல்வதை 'ஜாரு' என்கிறார்கள். அது தெலுங்குச் சொல், வழுக்குதல் என்றே பொருள். அவர்கள் அப்படி வைத்துக்கொண்டால் நாம் சறுக்கு என்று வைத்தால் என்ன என்று கேட்கிறார்கள். என் பதில் இதுதான்: ஜாரு தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடிக் கலைச்சொல்லாக முதிர்ந்துவிட்டது. ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று சொல்லும் தமிழ் வித்துவானுக்குச் சேறும் பாசியும் நினைவுக்கு வருவதில்லை. புதிதாக வைக்கும் சொல்லுக்கு அந்த முதிர்ச்சி கிடையாது. தெருவில் அதற்கு என்ன பொருளோ அதோடுதான் உள்ளே வரும்.

வேறு சிலர் 'நழுவு கிட்டார்' என்கிறார்கள். நழுவுவது கையை விட்டுப் போவது, அது சறுக்கை விட மோசம். 'வருடு கிட்டார்' அழகாக இருக்கிறது, ஆனால் வருடுவதில் மென்மை மட்டும்தான் உண்டு. புட்டிக்கழுத்து கம்பியில் உரசும்போது எழும் கரகரப்புக்கு அதில் இடமில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் வாசிக்கும் தொழில்களை வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று அடுக்குகிறது. அதிலிருந்து வார்தலை எடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். பழஞ்சொல்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் உரை வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய சொல்லால் கட்டுரைக்கு என்ன பயன்? தவிர, அங்கே அது விரலின் தொழில், மேலே வைத்த துண்டின் தொழில் இல்லை. துண்டை வைத்து வாசிக்கும் வாத்தியம் தமிழ்நாட்டில் வேண்டுமென்றால் கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டே இல்லாத அதன் தண்டியில் கருங்காலிக் கட்டையை நகர்த்தி வாசிப்பார்கள். அதற்காக மெக்டவலின் கிட்டாரைக் 'கோட்டு கிட்டார்' என்றால், இரண்டும் ஒரே மரபு என்ற தவறான எண்ணம் வரும்.

நான் சொல்வது இழைப்பு. சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். தச்சர் பலகையை இழைக்கிறார். இரண்டிலும் தொடுதல் விடுவதில்லை, அழுத்தம் கையில் இருக்கிறது, போகவும் வரவும் முடிகிறது. குரல் இழைகிறது என்கிறோம், இழைந்து பாடினார் என்கிறோம். இழை என்றால் நூல், புரி என்றும் பொருள் உண்டு, கம்பிக் கருவிக்கு அதுவும் பொருத்தம். 'இழை கிட்டார்' என்று மட்டும் சுருக்கினால் கண்ணாடி இழையில் செய்த கிட்டார் என்று தோன்றலாம். ஆகவே இழைப்பு கிட்டார். விரலில் மாட்டும் துண்டுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். குழலாக இருந்தால் குழல், கத்தியாக இருந்தால் கத்தி, எலும்பாக இருந்தால் எலும்பு.

மெக்டவல் இந்த மூன்றையும் பயன்படுத்தியவர். முதலில் பேனாக்கத்தி, அப்புறம் மாட்டு விலா எலும்பு, பிறகு தெளிவான ஒலிக்காகக் கண்ணாடி. அவர் பாட்டைக் கேட்டால் சறுக்கு ஏன் பொருந்தாது என்று உடனே தெரியும். ஒரு வரியைப் பாடிக்கொண்டே வந்து கடைசிச் சொல்லை விட்டுவிடுவார், அதைக் கிட்டார் சொல்லி முடிக்கும். மனிதக் குரலோடு அவ்வளவு ஒட்டிப் போகும் ஒலியை இழைதல் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

இனி சுற்றுலா என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் 'டூர்' என்று பார்த்ததும் சுற்றுலா என்று எழுதும் பழக்கம் பரவிவிட்டது. சுற்றுலா போகிறவர் பார்த்து மகிழப் போகிறார். மெக்டவல் டென்னசியின் ரோஸ்வில்லில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மிசிசிப்பியின் கோமோ ஊரில் பருத்தி விவசாயம் செய்தவர். வார இறுதி விருந்துகளிலும் நடன இரவுகளிலும் வாசித்தார். 1959இல் நாட்டார் பாடல்களைத் தேடிப் போன ஆலன் லோமாக்ஸும் ஷெர்லி காலின்ஸும் வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 1964இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்தார், 1965இல் ப்ளூஸ் கலைஞர்கள் குழுவோடு ஐரோப்பா போனார். 1972இல் இறக்கும் வரைக்கும் அவருடைய புகழ்க்காலம் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போய் வாசித்த பயணங்களைச் சுற்றுலா என்று எழுத எப்படி மனம் வருகிறது? இசைப்பயணம் என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ப்ளூஸை 'நீல இசை' ஆக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே நீலம் மனச்சோர்வைக் குறிக்கிறது. தமிழில் நீலத்துக்கு அந்தப் பொருள் கிடையாது, இருக்கும் வேறு பொருள் இங்கே விகாரமாகிவிடும். ப்ளூஸ் ப்ளூஸாகவே இருக்கட்டும். பொருளைக் கொண்டுவராத தூய்மை எனக்கு வேண்டாம்.

அந்தக் கட்டுரையின் முதல் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "ஃப்ரெட் மெக்டவல் ஊர் ஊராகப் போய் ப்ளூஸ் வாசித்தவர். இழைப்பு கிட்டாரில் கைதேர்ந்தவர்."