மாத்திரையோடு ஆலோசனையும் உங்களுக்கு உரியது

சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். உணவு, நடை, புகையிலை பற்றி உட்கார்ந்து பேசி வழிகாட்டும் ஆலோசனையும் அதே திட்டத்தில் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. கூட்டத்தின் நடுவே "உப்பைக் குறைங்க, தினமும் நடங்க" என்று சொல்லி மாத்திரையைக் கையில் கொடுப்பதை ஆலோசனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது அறிவுரை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால், நமக்கு உரியதைக் கேட்டு வாங்கலாம்.

முதலில் யாருக்கு என்பதைப் பார்த்துவிடலாம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புற்றுநோய் போல ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாத நோய்களைத் தொற்றா நோய்கள் என்கிறார்கள். அவற்றுக்கான தேசியத் திட்டப்படி 30 வயது ஆன எவரும் பரிசோதனைக்குப் போகலாம். நோய் இருந்தால்தான் போக வேண்டும் என்றில்லை. வருமானச் சான்றும் தேவையில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப் புற்றுநோய் மூன்றையும் எல்லாருக்கும் பார்ப்பார்கள். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் கருப்பைவாய்ப் புற்றுநோயும் சேரும். இதற்கென்றே ஒரு கேள்விப் படிவம் உண்டு: வயது, புகையிலை, மது, இடுப்புச் சுற்றளவு, வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைகிறதா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருக்கிறதா. மொத்த மதிப்பெண் 4ஐத் தாண்டினால் முதலில் உங்களைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பே அதில் மதிப்பெண்ணைக் கூட்டும். ஒரு டேப்பை எடுத்து வீட்டிலேயே அளந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

தமிழ்நாட்டில் இதன் வீட்டு வடிவம்தான் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்த்து, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு மாத்திரையும் தருவார். அவர் கொண்டுவரும் பையில் மாத்திரைதான் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசும் பத்து நிமிடமும் அதற்குச் சமமான மருந்துதான்.

எங்கள் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். அம்மாவும் தலையாட்டுவார். "நான் உப்பே போடறதில்லையே" என்பார், அதை மனதார நம்பியும் சொல்வார். தன்னார்வலராக வந்த பெண் வேறு மாதிரி கேட்டார். "பெரியம்மா, ஒரு கிலோ உப்பு பாக்கெட் உங்க வீட்டுக்கு எத்தனை நாள் வரும்?" அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் பிரித்திருந்த பாக்கெட்டின் மேல் பேனாவால் அன்றைய தேதியை எழுதி வைத்துவிட்டுப் போனார் அவர்.

கணக்கு சின்னதுதான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாங்கள் நான்கு பேர், ஆக நாளுக்கு 20 கிராம். ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். எங்கள் பாக்கெட் 29 நாளில் தீர்ந்தது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. அடுத்த முறை வந்தவர் "எதை விட முடியும்?" என்று அம்மாவிடமே கேட்டார். "ராத்திரி ஊறுகாய் வேண்டாம், மோர்ல உப்பு வேண்டாம்" என்று அம்மாவே சொன்னார். மூன்றாவது பாக்கெட் 44 நாள் வந்தது. அதை அம்மா தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

இதற்குப் பின்னால் கற்றல் கோட்பாடு என்ற உளவியல் துறையே இருக்கிறது. பழக்கம் என்பது கற்றுக்கொண்டது. அதனால் வேறொன்றைக் கற்று அதை மாற்ற முடியும் என்பது அடிப்படை. "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் பழக்கத்தை மாற்றுவதில்லை என்று ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். அந்த நம்பிக்கை முதலில் தானே ஒரு சின்ன காரியத்தைச் செய்து ஜெயிப்பதில் வருகிறது. அப்புறம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதில். நம்பிக்கையானவர் சொல்லும் தெம்பான வார்த்தையும் உதவும். பாக்கெட் மேல் எழுதிய தேதி அம்மாவுக்கு அந்த முதல் ஜெயிப்பைத் தந்தது. அதே தெருவில் ரேஷன் வாங்கி, அதே அரிசியைச் சமைக்கும் ஒருத்தி வந்து சொன்னதால் காது கொடுத்துக் கேட்டார். உள்ளூர்ப் பெண்களையே தன்னார்வலராக எடுத்ததில் இப்படி ஒரு பலன் இருக்கிறது.

பேச்சால் நோய் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவு, உடலுழைப்பு பற்றித் தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். தொடர்ந்து தந்த ஆலோசனை ஏறக்குறைய மாத்திரை அளவுக்கு வேலை செய்திருக்கிறது. இது நோய் வருவதற்கு முந்தைய நிலையில் உள்ளவர்களுக்கான கணக்கு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் அளவு இறங்கிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது.

சரி, எப்படிக் கேட்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு எது என்று விசாரியுங்கள், என்.சி.டி. நர்ஸ் என்றால் காட்டுவார்கள். "என்ன சாப்பிடக் கூடாது?" என்று கேட்டால் நீளமான பட்டியல்தான் வரும். "இந்த மாதம் ஒன்றே ஒன்றை மாற்றுகிறேன், எதை மாற்றட்டும்?" என்று கேளுங்கள். காலையில் என்ன, ராத்திரி என்ன, எத்தனை டீ, எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று உள்ளதைச் சொல்லுங்கள். அடுத்து எந்தத் தேதியில் வந்து காட்ட வேண்டும் என்பதைக் குறித்து வாங்காமல் கிளம்ப வேண்டாம். திரும்பக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி பலம். வீட்டில் சமைப்பவர் வேறு ஒருவர் என்றால் அவரையும் கூட்டிப்போங்கள்.

பீடி, சிகரெட், ஹான்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்குத் தனியாக இலவச எண் இருக்கிறது: 1800-11-2356. 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சாகி வரும் எண்தான் அது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையமும் இந்தச் சேவையில் இருப்பதால் தமிழிலும் பேசலாம். நிறுத்தும் நாளை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள். விட்டுவிட்டு மறுபடி பிடித்தவர்கள் வெட்கப்பட்டு அழைக்காமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள்தான் முதலில் அழைக்க வேண்டியவர்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது கை தவறியது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆலோசகர் கேட்கப்போவதும் அதைத்தான்.